‘நியாயமே’ அணியில் நான்

அந்தப் பொம்பளை மறுபடியும் சொல்லிவிட்டாள். நீங்கள் அழைக்கும் எண் தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறது, முதலில் அரபியில், பிறகு இங்கிலீஷில், அரபியில் கணக்கு டீச்சர் மாதிரி ஒரு கண்டிப்பு, இங்கிலீஷில் லேசாக மூக்கடைப்பு. அம்மா போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்க்கிறாள், நைட்டிக்கு மேல் போட்டிருக்கும் துப்பட்டாவால் துடைக்கிறாள், அப்பா பெயரை மறுபடி அமுக்குகிறாள், மறுபடி அவள். எனக்கு அவளை நன்றாகத் தெரியும், அவள் குரலை நான் அப்படியே பண்ணுவேன், மிமிக்ரி, போன வருஷம் முழுக்க அப்பா துறைமுகத்திலிருந்து கூப்பிடும்போதெல்லாம் போனை எடுத்து அவள் குரலில் சொல்லிவிட்டு வைத்துவிடுவேன், சாயங்காலம் அப்பா வந்து இந்த சிம்மைத் தூக்கிக் கடல்ல போடணும்ல என்று கம்பெனிக்காரனைத் திட்டுவார், நான் பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுச் சிரிப்பேன். இப்போது அவளே நேரில் வந்து பண்ணுகிறாள். நான் பண்ணியதைவிட நன்றாகப் பண்ணுகிறாள், நான் பண்ணும்போது அப்பாவுக்குக் கோபம்தான் வந்தது, இவள் பண்ணும்போது அம்மாவின் உதடு வெளுத்துப் போகிறது. வெள்ளிக்கிழமைப் பகல், எல்லார் வீட்டிலும் அடுப்பில் ஏதாவது இருந்தது, அபாயச் சங்கு ஊதினதும் அப்படியே அணைத்துவிட்டுக் கட்டடத்துக்குக் கீழே கார் நிறுத்துகிற தளத்துக்கு ஓடி வந்தோம், யாரோ ஒருத்தர் குக்கரையும் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார், பட்டை கிராம்பு வாசனையும் டயர் வாசனையும் சேர்ந்து வருகிறது, இனிமேல் பிரியாணி சாப்பிடும்போதெல்லாம் ரப்பர் ஞாபகம் வரும் என்று நினைத்தேன், இனிமேல் என்று ஒன்று இருந்தால். சங்கை நான் பண்ணுவேன். லிப்ட் கதவை, நாத்தூரை, நாத்தூர் என்றால் இங்கே கட்டடக் காவல்காரர், அவருடைய இருமலை, எல்லாவற்றையும் பண்ணுவேன். தரைக்கு அடியிலிருந்து இப்போது வந்ததே ஒரு சத்தம், சத்தம்கூட இல்லை, செருப்பு வழியாகக் காலுக்குள் ஏறி முழங்காலில் நின்ற ஒரு அமுக்கல், அதை மட்டும் என்னால் பண்ண முடியாது, அதற்கு வாய் போதாது, அது எந்தப் பக்கமிருந்து வந்தது என்றுகூடத் தெரியவில்லை. மேலே இருந்தால் தெரியும், கடல் எந்தப் பக்கம், துறைமுகம் எந்தப் பக்கம் என்று. கீழே எல்லாப் பக்கமும் தூண்தான்.

அப்போதுதான் சங்கமேஸ்வரன் மாமா எழுந்து நின்று கைதட்டினார். பெருந்துறைக்காரர், ஒரு கம்பெனியில் கணக்குப் பார்க்கிறவர், ஆனால் தமிழ்ச் சங்கத்துப் பொங்கல் விழாவில் வருஷா வருஷம் அவர்தான் பட்டிமன்ற நடுவர், அதனால் கணக்குக் கேட்கும்போதுகூட அன்பார்ந்த என்றுதான் ஆரம்பிப்பார். சின்னப் பிள்ளைகள் அழ ஆரம்பித்திருந்தன. ஒன்று அழுதால் இன்னொன்றுக்குத் தொற்றும், அப்புறம் பெரியவர்களுக்கும். "ஏனுங்க, இப்படியே மூஞ்சிய மூஞ்சியப் பாத்துட்டு உக்காந்திருந்தா நல்லாவா இருக்குது, ஒரு பட்டிமன்றம் போட்டுக்கலாமுங்க" என்றார். குண்டு விழுகிற நேரத்தில் பட்டிமன்றம் போடுகிற ஜனம் உலகத்தில் எங்களைத் தவிர வேறு யாராவது இருப்பார்களா என்று தெரியவில்லை, ஆனால் எல்லார் முதுகும் உடனே நிமிர்ந்தது, நாற்காலி இல்லாததால் ஒரு பழைய டயரைக் கவிழ்த்துப் போட்டு நடுவர் இருக்கை ஆக்கினார்கள். தலைப்பு என்ன என்று கேட்க வேண்டியதே இல்லை, ஒரு வாரமாக எல்லார் வீட்டு டிவியிலும் அது ஒன்றுதான். கடலுக்கு அந்தக் கரையில் இருக்கிற நாடு எங்களுக்கு வடக்கே இருக்கிற நாட்டின் மேல் போர் தொடுத்திருக்கிறது. நாங்கள் நடுவில். வடக்கு நாட்டுக்குப் போகிற கப்பல்கள் எங்கள் ஊர்த் துறைமுகத்தில் நின்றுதான் எண்ணெய் போட்டுக்கொள்கின்றன, அந்தக் கப்பல்களைக் கயிறு கட்டி இழுத்துவந்து கரையில் சேர்க்கிறது டக், இழுவைப் படகு, அந்த டக்கில் எஞ்சின் பார்க்கிறவர் என் அப்பா ராயப்பன். "அக்கரை நாடு போருக்குப் போனது நியாயமே, நியாயமில்லை, இதானுங்க தலைப்பு" என்று மாமா சொன்னதும் ஏசி மெக்கானிக் பூபாலண்ணன் மேலே கையைக் காட்டினார், "சார், மேல கேமரா கீது, இந்த ஊர்ல அரசியல் பேசுனா தூக்கி உள்ள வெச்சிருவான்." "கேமராவுக்குத் தமிழ் தெரியாதுங் தம்பி" என்றார் மாமா. நியாயமில்லை அணியில் எல்லாரும் சேர்ந்துகொண்டார்கள், குக்கர்காரர்கூட. நியாயமே அணியில் ஒருத்தரும் இல்லை. "ரெண்டு பக்கமும் இல்லீன்னா அது பட்டிமன்றம் இல்லீங், இரங்கல் கூட்டம்" என்று மாமா சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார், அவர் பார்ப்பதற்கு முன்னாலேயே எனக்குத் தெரியும், எப்போதும் எல்லாரும் கடைசியில் என்னைத்தான் பார்ப்பார்கள், "கில்பர்ட்டு கண்ணு, அந்த டிவிக்காரனப் பண்ணுவியே, வா." இரங்கல் என்ற வார்த்தையை அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம். அம்மா அதைக் கேட்டாளா என்று பார்த்தேன், அம்மா அந்தப் பொம்பளையைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள்.

தௌலத் அக்காதான் முதலில் பேசினாள், நாகூர்க்காரி, ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவில் நர்ஸ், நைட் டூட்டி முடித்து வந்து தூங்கினவளைச் சங்கு எழுப்பிவிட்டது, கன்னத்தில் தலையணைக் கோடு இன்னும் இருந்தது. அவள் பேச்சை நான் பாதிதான் கேட்டேன், பாதியில் அவள் குரலை உள்ளுக்குள் பண்ணிப் பார்த்துக்கொண்டிருந்தேன், பண்ணிக்கொண்டிருக்கிற வரைக்கும் வேறு எதுவும் உள்ளே நுழையாது, இது எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும், பயம் வந்தால் யாரையாவது பண்ணு, அவர்களுக்குப் பயமில்லை அல்லவா, பள்ளிக்கூடத்தில் பிரின்ஸிபால் அறை வாசலில் நிற்கும்போது பிரின்ஸிபாலையே பண்ணிக்கொண்டு நிற்பேன். "எங்க வார்டுக்கு வர்ற ஒவ்வொருத்தன் கூடயும் ஒரு ஆளு வருவான், வந்ததும் அவன் சொல்ற மொத வார்த்தை, சிஸ்டர், அவன்தான் மொதல்ல அடிச்சான். பக்கத்துக் கட்டில்ல கெடக்குறவன்கூட வந்தவனும் அதேதான் சொல்லுவான். எனக்கு ரெண்டு பேருக்கும் ஒரே ஊசி, ஒரே நூலு" என்றாள் அக்கா. எல்லாரும் கைதட்டினார்கள், கைதட்டுச் சத்தம் தூண்களில் பட்டுத் திரும்பி வந்தபோது எனக்கு உடம்பு தூக்கிப் போட்டது. ஊசி, நூல், கட்டில். அப்பா இன்றைக்குப் போகவே வேண்டியதில்லை, வெள்ளிக்கிழமை அவருக்கு ஓய்வு, எஞ்சினில் ஏதோ கசிகிறது என்று கூப்பிட்டார்கள், காலையில் இருட்டோடு எழுந்து போனார், போகும்போது என் பாயின் ஓரத்தை மிதித்துவிட்டார், நான் தூக்கத்தில் அவர் கத்துகிற குரலிலேயே எவம்ல அது என்று கத்தினேன், அவர் சிரித்துக்கொண்டே போனார், அவர் சிரித்தாரா, இல்லை சிரித்த மாதிரி நான் இப்போது வைத்துக்கொள்கிறேனா, கதவு சாத்திய சத்தம் ஞாபகம் இருக்கிறது, சிரிப்பு சந்தேகமாக இருக்கிறது. எஞ்சின் ரூமிலேயே கிடந்து கிடந்து அப்பாவுக்குக் காது மந்தம், அதனால்தான் கத்துவார், எங்கள் ஊர் மணப்பாட்டில் கடலோரம் நின்று பேசினால் கோயில் மேட்டில் கேட்கும் என்று அம்மா சொல்வாள். எஞ்சின் ரூமில் சிக்னல் கிடைக்காது. இதை நான் அம்மாவிடம் சொன்னேன், படி இறங்கும்போதே சொன்னேன், எஞ்சின் ரூம்ல எப்பவுமே கெடைக்காதும்மா. அவளும் தலையாட்டினாள். ஆனால் அப்பா போனை மேலே வைத்துவிட்டுத்தான் எஞ்சின் ரூமுக்குள் இறங்குவார், மணி அடித்துக்கொண்டே இருக்கும், யாரும் எடுக்க மாட்டார்கள், அவ்வளவுதான். இந்தப் பொம்பளை வர மாட்டாள். இது எனக்குத் தெரியும், அம்மாவுக்கும் தெரியும், தெரிந்துகொண்டேதான் தலையாட்டினாள். இந்த இடத்துக்கு வந்ததும் நினைப்பு நின்றுவிடும், நான் திரும்பிப் போய்ப் பாய் ஓரத்திலிருந்து மறுபடி ஆரம்பிப்பேன், மிதித்தார், கத்தினேன், கதவு, கசிவு, எஞ்சின் ரூம், மணி, பொம்பளை. மறுபடி பாய். இன்னொரு அமுக்கல் வந்தது, முன்னைவிடக் கிட்டத்தில், மேலே ஒரு காரின் அலாரம் தானாகக் கூவ ஆரம்பித்தது, ஒரு பிள்ளை வீறிட்டது, சங்கமேஸ்வரன் மாமா அவசர அவசரமாக, "அடுத்து, நியாயமே என்ற அணிக்கு, வாதாட வருகிறார்" என்று பொங்கல் மேடைக் குரலில் இழுத்தார்.

நான் போய் நின்றேன், மாமாவின் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வாங்கிக்கொண்டேன், ஏனென்றால் அந்த ஆளுக்குக் கண்ணாடி முக்கியம். அக்கரை நாட்டு ராணுவத்தின் செய்தித் தொடர்பாளர், தினமும் மாலையில் டிவியில் வருவார், நான் அவருக்குத் தாலாட்டு என்று பெயர் வைத்திருக்கிறேன், அவ்வளவு மெதுவான குரல், பேச்சின் நடுவில் கண்ணாடியைக் கழற்றுவார், ஊதுவார், துடைப்பார், மாட்டுவார், அதற்குள் ஒரு ஊர் போயிருக்கும். தமிழ்ச் சேனலில் அவருக்குக் குரல் கொடுக்கிற ஆளும் அதே தாலாட்டில் கொடுப்பார், எனக்கு அந்த ரெண்டும் சேர்ந்துதான் வரும். ஊதினேன், துடைத்தேன், மாட்டினேன், உலகம் முழுக்க நீரில் போட்ட மாதிரி கலங்கியது, முகங்கள் போய்விட்டன, அம்மாகூட ஒரு நீல நிறமாகத்தான் தெரிந்தாள், அது எனக்கு வசதியாக இருந்தது. "மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, குக்கருடன் வந்திருக்கும் பெரியவரே" என்றேன் தாலாட்டாக, சிரிப்பு வெடித்தது, பூபாலண்ணன் தொடையில் தட்டிக்கொண்டு "அவனேதாம்பா, அவனே வந்துட்டான்" என்றார். அழுத பிள்ளை விக்கலோடு நிறுத்திக்கொண்டது. அவ்வளவுதான், அதற்குப் பிறகு நான் இல்லை. எனக்கு அந்த இடம் பிடிக்கும், நான் இல்லாத இடம். "எங்கள் மின் நிலையத்தை முதலில் தகர்த்தவர்கள் யார். நாங்கள் பொறுத்தோம். கடிதம் எழுதினோம். தூதரை அனுப்பினோம். எங்கள் பொறுமையை அவர்கள் பலவீனம் என்று எண்ணினார்கள். உங்கள் வீட்டுக் கதவை ஒருவன் உடைத்தால், தௌலத் சகோதரி அவர்களே, நீங்கள் ஊசி நூலோடு நிற்பீர்களா." அக்காவே சிரித்துவிட்டாள். வாதம் தானாக வந்தது, ஒன்றைச் சொன்னால் அடுத்தது கையைப் பிடித்துக்கொண்டு வந்தது, நான் யோசிக்கவே இல்லை, அந்தக் குரலுக்குள் எல்லாம் ஏற்கெனவே அடுக்கி வைத்திருந்தது, திறந்து எடுக்க வேண்டியதுதான். போர் என்பது எங்கள் விருப்பமல்ல, எங்களுக்கு வேறு வழி விடப்படவில்லை. எந்தத் தாயின் கண்ணீரும் எங்களுக்கு மகிழ்ச்சியல்ல. நல்ல வாதங்கள். எனக்கே அப்படித்தான் பட்டது, ஜெயித்துவிடுவோம்போல இருக்கிறதே என்று, குக்கர்காரர் தலையாட்டிக்கொண்டிருந்தார், நியாயமில்லை அணிக்காரர், என்னைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருந்தார், அதில் எனக்கு ஒரு வேகம் வந்தது, குரலை இன்னும் தாழ்த்தினேன், தாழ்த்தத் தாழ்த்த அவர்கள் முன்னால் சாய்ந்தார்கள். "எதிரியின் கப்பலுக்கு எண்ணெய் தருகிற துறைமுகம் வெறும் துறைமுகம் அல்ல. அந்தக் கப்பலைக் கயிறு கட்டி இழுத்து வருகிற படகு வெறும் படகு அல்ல. அதில் வேலை செய்கிறவர்கள் கூலிக்காரர்களாக இருக்கலாம், நல்லவர்களாகக்கூட இருக்கலாம். நாங்கள் எச்சரித்தோம். மறுபடியும் எச்சரித்தோம். அதற்குப் பிறகும் அங்கே இருப்பவர்கள், இருப்பதைத் தாங்களே தேர்ந்துகொண்டவர்கள்."

யாரும் சிரிக்கவில்லை. முதலில் நான் அதை நல்ல அமைதி என்று எடுத்துக்கொண்டேன், மேடையில் வருமே, கைதட்டுக்கு முன்னால் ஒரு அமைதி, அது. பிறகு மேலே அந்தக் காரின் அலாரம் மட்டும் கேட்டது. பூபாலண்ணன் "டேய்" என்றார், மெதுவாக, என்னைத் தடுக்கிற மாதிரிக்கூட இல்லை, தெருவில் யாரோ விழப்போகும்போது தூரத்திலிருந்து சொல்வோமே, அப்படி. இந்தக் கட்டடத்தில் எல்லாருக்கும் தெரியும் அப்பா எங்கே வேலை பார்க்கிறார் என்று. எனக்கு மட்டும்தான் ஒரு நிமிஷம் தெரியாமல் இருந்தது. நான் சொன்ன வாக்கியம் இன்னும் தூண்களுக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தது, அதில் ஒரு ஓட்டை கண்டுபிடித்துவிடலாம் என்று அவசரமாகத் தேடினேன், நியாயமில்லை அணியாக மாறி என்னை நானே வெட்டிப் பேசிவிடலாம், அந்த எச்சரிக்கை எந்த மொழியில் வந்தது, எஞ்சின் ரூமுக்குள் வந்ததா, ஓய்வு நாளில் கசிவு பார்க்கக் கூப்பிட்டால் போகாமல் இருக்க முடியுமா, எல்லாம் இருந்தது, ஆனால் வாய்க்குள் இன்னும் அந்த ஆள்தான் இருந்தார், போக மாட்டேன் என்று உட்கார்ந்திருந்தார், நான் என்ன நினைத்தாலும் அவர் உடனே மெதுவாக ஒரு பதில் சொன்னார், வருந்துகிறோம், விசாரிப்போம், ஆனால். என் குரல் எங்கே என்று தேடினேன். எச்சிலை விழுங்கிப் பார்த்தேன். எனக்கு என்று ஒரு குரல் இருந்ததா, வீட்டில் தண்ணி கேட்கும்போது எந்தக் குரலில் கேட்பேன், சத்தியமாக ஞாபகம் வரவில்லை, அந்த நேரத்தில் எனக்கு வந்த பயம் குண்டுக்கு வந்த பயத்தைவிட மோசம்.

நீல நிறம் எழுந்து நின்றது. அம்மா. "நடுவர் சார், எனக்கு ஒண்ணு கேக்கணும்" என்றாள், அம்மா எந்தக் கூட்டத்திலும் வாய் திறக்காதவள், பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டத்தில்கூட என்னைத்தான் பேசவிட்டு நிற்பாள். மாமா "நீங்க உக்காருங் அம்மிணி, பையன் விளையாட்டுக்கு" என்று ஏதோ சொன்னார், அவள் அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்து வந்தாள், கிட்டே வந்து நின்றாள், அடிப்பாள் என்று நினைத்தேன், அடித்தால் நன்றாக இருக்கும், அடித்தால் அந்த ஆள் என் வாயைவிட்டு வெளியே விழுந்துவிடுவார். அவள் இரண்டு கையையும் நெஞ்சுக்கு நேராகச் சேர்த்து வைத்துக்கொண்டாள், ஊரில் மீன்வளத்துறை ஆபீசரிடம் பேசும்போது அப்படித்தான் நிற்பாள். "சார்" என்றாள். என்னை. "எங்க வீட்டுக்காரவிய அந்த டக்குலதான் இருக்காவ, சார். எஞ்சின் பாக்காவ. அவியளுக்கு ரெண்டு காதும் மந்தம். நீங்க எச்சரிச்சிருப்பிய, நான் இல்லன்னு சொல்லல. அவியளுக்கு விழுந்திருக்காது." அம்மா, நான்தான், கில்பர்ட்டு, என்று சொல்ல வாயைத் திறந்தேன், உதடு திறந்தது, சத்தம் வரவில்லை. "அவிய யாரு பக்கமும் இல்ல சார். கப்பல் வந்தா இழுப்பாவ, உங்க கப்பல் வந்தாலும் இழுப்பாவதான். நீங்க பெரிய எடத்துல இருக்கிய. அந்த ஒரு போட்ட மட்டும் விட்டுருவியளா, சார்." அவள் விளையாடவில்லை. கண்ணாடி கலக்கத்துக்கு உள்ளேயும் அது தெரிந்தது. சங்கு ஊதினதிலிருந்து அவள் கேட்க நினைத்ததைக் கேட்பதற்கு ஒரு ஆள் கிடைக்கவில்லை, கம்பெனி எடுக்கவில்லை, தூதரகம் எடுக்கவில்லை, அந்தப் பொம்பளை கேட்டதையே சொல்லிக்கொண்டிருந்தாள், கடைசியில் ஒரு ஆள் கிடைத்திருக்கிறார், முடிவு எடுக்கிற ஆள், எதிரிலேயே, பதில் சொல்கிற தூரத்தில். எனக்குள் இருந்த ஆள் கண்ணாடியைக் கழற்றினார், ஊதினார், துடைத்தார், மாட்டினார். அவருக்கு யோசிக்க வேண்டியிருக்கவில்லை. "அம்மையீர்" என்றார், என்றேன், "அந்தப் படகு எங்கள் இலக்குப் பட்டியலில் இல்லை. அதில் உள்ளவர்கள் பத்திரமாக இருக்கிறார்கள். எங்கள் அரசின் சார்பில் இந்த உறுதியை உங்களுக்கு அளிக்கிறேன்." அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். தோள் இறங்கியது, ஒரு மூச்சு நீளமாக வெளியே வந்தது, "நன்றிங்க சார்" என்றாள். தௌலத் அக்கா வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிக்கொண்டாள்.

அபாயம் நீங்கியது என்று சங்கு ஒரே சுருதியில் நீளமாக ஊதியது. எல்லாரும் எழுந்தார்கள், பிள்ளைகளை எண்ணினார்கள், செருப்பு தேடினார்கள், தீர்ப்பு என்ன என்று ஒருத்தரும் கேட்கவில்லை, மாமாவும் சொல்லவில்லை, கண்ணாடியைத் திருப்பிக் கேட்கக்கூட வராமல் பேத்தியைத் தூக்கிக்கொண்டு தடவித் தடவிப் படியேறினார். குக்கர் போனது, பட்டை வாசனை போனது, டயர் வாசனை மட்டும் மிச்சம். வெளியே போனால் தெரிந்துவிடும், கடல் எந்தப் பக்கம், புகை எந்தப் பக்கம் என்று, அதனால் நான் நகரவில்லை, அம்மாவும் நகரவில்லை. அவள் போனை எடுத்தாள், அப்பா பெயர் மேல் விரலை வைத்தாள், அமுக்காமல் அப்படியே வைத்திருந்தாள், பிறகு திரையை அணைத்துத் துப்பட்டா நுனியில் சுற்றி முடிந்துகொண்டாள். என் பக்கம் திரும்பினாள். நான் கண்ணாடியைக் கழற்றப் போனேன், அவள் என் மணிக்கட்டைப் பிடித்துத் தடுத்தாள், கை சில்லென்று இருந்தது. "இன்னொரு மட்டம் சொல்லுங்க சார்" என்றாள்.

சொன்னேன். முதல் தடவையைவிட நம்பும்படியாக.